நிலத்தோற்றக் கட்டிடக்கலைக் கல்வியில் கணினியின் வருகை

நிலத்தோற்றக் கட்டிடக்கலை வகுப்பறைக்குள் கணினி முதலில் வந்தது அழகிய படம் வரைவதற்காக அன்று; நிலத்தை ஆராய்வதற்காக. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1965இல் ஓவர்டு பிஷர் கணினி வரைவியல் ஆய்வகத்தை நிறுவினார். அங்கு பயன்பட்ட சைமேப் மென்பொருளுக்குத் தரவுகளைத் துளையட்டைகளில் கொடுக்க வேண்டும். அச்சுப்பொறி எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, கருமையின் அளவால் நிலப்படத்தைக் காட்டும். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் மண், சரிவு, நீர் ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் படம் வருமுன்பே மனிதர் முடிவு செய்தாக வேண்டும். டெல்மார்வா தீபகற்பத்தின் எதிர்கால நிலப்பயன்பாட்டை ஆராய்ந்த மாணவர் பயிற்சியில் கார்ல் இசுட்டைனிட்சு இதையே பயன்படுத்தினார். வரைவுக் கட்டளைகளிலிருந்தே பாடம் தொடங்கினால் இந்தப் படிநிலை எளிதில் நழுவிவிடும். அங்கு இத்துறை பயின்ற ஜாக் டேஞ்சர்மாண்டு, 1969இல் மனைவி லாராவுடன் எஸ்ரி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆர்க்ஜிஐஎஸ் அந்நிறுவனத்தின் மென்பொருளே.