எரிபொருட் கணக்கேடு சொல்லும் வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்க்களங்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவில் எழுகின்றன. ஒரு குடும்பத்தின் அலமாரியில் கிடக்கும் பழைய நோட்டுப் புத்தகமும் வரலாற்றுச் சான்றே என்பதை நாம் எண்ணுவதில்லை. எங்கள் வீட்டில் அப்படியொரு நோட்டு இருக்கிறது. தேதி, வண்டி ஓடிய தூரம், ஊற்றிய பெட்ரோல், கொடுத்த பணம் என்னும் நான்கு பத்திகளும், ஓரத்தில் சில குறிப்புகளும் தவிர அதில் வேறொன்றுமில்லை. ஆயினும் ஒரு மனிதரின் மானத்தைக் காத்த ஏடு அது. அதன் கதையைச் சொல்லுமுன், அத்தகைய கணக்கு நம் நாட்டில் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சற்றே காண்போம்.

ஒரு லிட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை நாம் இன்றும் 'மைலேஜ்' என்றே சொல்கிறோம். மைல் நம் சாலைகளை விட்டுப் போய் நெடுநாளாயிற்று. சொல் மட்டும் தங்கிவிட்டது. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தையடுத்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்த் தூரத்தை மைலிலும் பெட்ரோலைக் காலனிலும் கணக்கிட்டனர். ஒரு காலன் ஏறத்தாழ நாலரை லிட்டர். எனவே, 'காலனுக்கு 28 மைல்' என்று அக்காலத்தவர் சொன்னது இன்றைய கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டராகும்.

பெட்ரோல் மலிவாயிருந்தவரை இக்கணக்கில் அக்கறை கொண்டோர் சிலரே. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. ஒரு பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை, சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியது. 1979இல் ஈரானில் புரட்சி ஏற்பட்டபோது விலை மீண்டும் ஏறியது. அதே எண்ணெய் வளம்தான் நம் சமுதாயத்து இளைஞர்கள் பலரை வளைகுடா நாடுகளுக்கு அழைத்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். ஒரே விலையேற்றம் சில வீடுகளுக்கு வருவாயாகவும் சில வீடுகளுக்குச் சுமையாகவும் வந்து சேர்ந்தது.

உலகம் எண்ணெயை அளந்து செலவிடக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அமெரிக்கா 1975இல் கார்களின் எரிபொருட் சிக்கனத்துக்குச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் பெட்ரோலியச் சேமிப்புக்கென 1978இல் தனிக் கழகமே அமைக்கப்பட்டது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதே சிக்கனம் என்று அது மக்களுக்கு எடுத்துரைத்தது. அன்று நம் சாலைகளில் பெரும்பாலும் ஓடியவை அம்பாசிடரும் ஃபியட்டுமே. 1983 டிசம்பரில் 796 சி.சி. எஞ்சினோடு மாருதி 800 வந்தது. 1,489 சி.சி. எஞ்சினைச் சுமந்த அம்பாசிடர்க்காரர்கள், பெட்ரோல் பங்கில் அந்தச் சிறு வண்டியைப் பொறாமையோடு பார்த்தனர்.

என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். பள்ளிபாளையத்தில் விசைத்தறித் துணி வாங்கி விற்பது அவர் தொழில். காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோட்டுச் சந்தை. மறுபுறம் சங்ககிரி, சேலம். பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிய நாள் முதலாக அவர் அந்த நோட்டைத் தொடங்கினார். லாரித் தொழில் தழைத்த வட்டாரம் இது. சங்ககிரி லாரிக்காரர்களிடம் கற்ற பழக்கம் அது என்பார். அதை எழுதியவர் எங்கள் டிரைவர். ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, மீட்டர் காட்டும் எண்ணை எழுதுவார். அடுத்த முறை நிரம்புவதற்கு எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதனால் இடையில் ஓடிய தூரத்தை வகுப்பார். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்பது எங்கள் வண்டியின் வழக்கம்.

1988ஆம் ஆண்டில் அது 7க்கும் கீழே இறங்கியது. உறவினர் சிலர் தந்தையாரிடம் வந்து, "வண்டி குடிக்கவில்லை அத்தா, டிரைவர் விற்கிறார்" என்று காதோடு சொல்லிப் போயினர். தந்தையார் பதில் சொல்லவில்லை. ஆனால் முகம் மாறியது. டிரைவரும் அதை உணர்ந்தார். பத்தாண்டுக் காலம் எங்கள் வாசலில் உரிமையோடு தேநீர் பருகியவர், வண்டிச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகத் தொடங்கினார்.

மதரஸா விடுமுறையில் ஊர் வந்திருந்த என்னிடம் தந்தையார் நோட்டைக் கொடுத்து, "மூன்று வருஷத்தைக் கூட்டிப் பார்" என்றார். இரண்டு நாள் கூட்டினேன். மூன்று உண்மைகள் தென்பட்டன. முதலாவது, மைலேஜ் ஒரே நாளில் விழவில்லை. எட்டு மாதங்களாகச் சிறுகச் சிறுகத் தேய்ந்திருந்தது. இரண்டாவது, அதே மாதங்களில் எஞ்சின் ஆயில் ஊற்றிய குறிப்புகள் பெருகியிருந்தன. மூன்றாவது, தங்கையின் திருமணத்துக்காக டிரைவர் விடுப்பில் சென்ற இரு வாரங்களில் வண்டியை ஓட்டியவர் என் தந்தையாரின் தம்பி. அப்போதும் மைலேஜ் அதே ஏழுக்குக் கீழேதான் இருந்தது!

ஈரோட்டு மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து அழுத்தம் குறைந்துவிட்டதாகச் சொன்னார். ரீபோர் செய்தபின் கணக்கு மீண்டும் ஒன்பதை எட்டியது. அன்று மாலை தந்தையார் டிரைவரைத் திண்ணையில் தம் பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, சொல்லக் கேட்டு மனம் கெட்டேன், பொறுத்துக்கொள்" என்றார். அவரோ, "விடுங்க பாய், நோட்டு இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றளவும் என் காதில் ஒலிக்கிறது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை நிரப்பிய கணக்கு எதையும் மெய்ப்பிக்காது. பங்கின் தரை சரிந்திருந்தாலும், குழாய் சற்று முன்னரே நின்றாலும் எண் மாறிவிடும். டயரில் காற்றுக் குறைவு, ஏற்றிய பாரம், ஊர் நெரிசல், ஏ.சி. ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பல நிரப்பல்களின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போதுதான் உண்மை துலங்கும். பொறுமையற்றவன் கையில் கணக்கும் அவதூறாகும்.

இது பழங்கதையன்று. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவியபோது, மைலேஜ் குறைந்துவிட்டதென்று எங்கும் பேச்செழுந்தது. பெட்ரோலைவிட எத்தனாலில் எரியாற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மையே. எத்தனால் கலவாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்கேற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், அத்தகைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் சிக்கனம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. ஆனால் உங்கள் வண்டியில் குறைந்தது எவ்வளவு? அதற்குக் காரணம் எத்தனாலா, காற்றுக் குறைந்த டயரா, அடைத்த ஏர் ஃபில்டரா? முந்தைய ஆண்டுகளின் கணக்கை வைத்திருப்பவரே விடை சொல்லத் தகுதியுடையவர். மற்றவர் சொல்வது ஊகம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் வணக்கத்தைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையாதீர் என்று அது கட்டளையிடுகிறது. மதரஸாவில் அதனை ஓதியபோது, ஏமாற்றுக்காரனைப் பிடிக்கவே எழுத்து என்று நான் கருதியிருந்தேன். எழுதுவது ஐயம் கொள்ளாதிருக்க நெருக்கமான வழி என்று அவ்வசனமே காரணம் கூறுகிறது. அதன் பொருளை எனக்கு விளக்கியது எங்கள் டிரைவரின் கையெழுத்துத்தான். குற்றவாளியைக் காட்டுவதற்கு முன், குற்றமற்றவனைக் காப்பதே கணக்கின் முதற்கடமை.

அந்த அம்பாசிடர் இன்றில்லை. அதைத் தயாரித்த தொழிற்சாலையும் 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தந்தையாரும் டிரைவரும் மறைந்துவிட்டனர். நோட்டு மட்டும் இருக்கிறது. என் சிறிய காரின் கணக்கை அதன் எஞ்சிய பக்கங்களில் நான் எழுதி வருகிறேன்.