60 வயசுக்கு மேல எடை குறைப்பு ஆபரேஷனா? கொஞ்சம் வரலாறு பாத்துட்டு முடிவெடுக்கலாம்

1/
"அம்மாவுக்கு 62 வயசு. 86 கிலோ. முட்டி தேஞ்சிருக்கு, எத்தனை மாத்திரை போட்டாலும் சுகர் இறங்கல. எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டர்? இல்ல, வயசு தாண்டிப் போச்சா?"

கலவை, ஆற்காடு பக்கம் இப்ப அடிக்கடி வர்ற கேள்வி. கேக்கிறவங்கள்ல நிறைய பேர் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனி வேலைக்குப் போற பிள்ளைங்க. சேத்து வச்ச காசை இதுல போடலாமான்னு யோசிக்கிறாங்க. ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியாது. ஆனா இந்த ஆபரேஷனோட வரலாறு தெரிஞ்சா பாதி பதில் தானா கிடைக்கும்.

2/
1952. ஸ்வீடன்ல விக்டர் ஹென்ரிக்சன்னு ஒரு சர்ஜன், உடல் பருமனான ஒரு பெண்ணோட சிறுகுடல்ல 105 செ.மீ. வெட்டி எடுத்தார். 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரமென், லின்னர் குழு இன்னொரு வழி சொன்னாங்க: வெட்ட வேணாம், குடலோட பெரும்பகுதியை ஓரங்கட்டிட்டு சாப்பாட்டைக் குறுக்கு வழியில அனுப்பிடலாம்.

யோசனை ரொம்ப எளிமை. சாப்பிடறதை சாப்பிடுங்க, உடம்புல ஒட்டாது.

3/
1960-களின் கடைசியில் இது அங்கே பரவலாச்சு. நம்ம சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். அதுல மேல்பகுதி 14 அங்குலம், கீழ்ப்பகுதி 4 அங்குலம் மட்டும் புழக்கத்துல விட்டாங்க. கூட்டிப் பாருங்க, 18 அங்குலம். நம்ம கணக்குல ஒரு முழம்.

ஒரு முழக் குடலை வச்சுக்கிட்டு ஒரு ஆள் வாழணும்.

4/
எடை மளமளன்னு குறைஞ்சுது. பின்னாடியே பேதி, சிறுநீரகக் கல், மூட்டு வலி, சத்துக்குறைபாடு எல்லாம் வந்துச்சு. சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரே போச்சு. பலருக்குத் திரும்ப வயித்தைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாச்சு. 1980-களின் தொடக்கத்துல இந்த ஆபரேஷனையே கைவிட்டுட்டாங்க.

5/
இதே 1960-களில் நம்ம மாவட்டத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? அப்ப கலவையும் வட ஆற்காடு ஜில்லாதான். இந்த ஜில்லா கிராமங்கள்ல ஒருவிதப் பேதி கொள்ளைநோயா பரவுச்சு. சாப்பிட்டது உடம்புல ஒட்டல. நாக்கு புண்ணாச்சு, ரத்தம் சுண்டுச்சு, ஆள் எலும்பும் தோலுமா ஆனாங்க. பலர் இறந்தாங்க.

வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் இந்தக் கிராமங்களுக்கே போய் ஆராய்ஞ்சாங்க. நோயோட பேர் 'ட்ராபிகல் ஸ்ப்ரூ'. குடல் இருக்கும், ஆனா பி12, ஃபோலிக் ஆசிட், கொழுப்பு எதையும் சரியா உறிஞ்சாது.

6/
ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. குடல் உறிஞ்சாம நம்ம ஊர் மக்கள் செத்துக்கிட்டிருந்த அதே காலத்துல, உறிஞ்சாத குடலை அமெரிக்காவில் ஆபரேஷன் பண்ணி உருவாக்கிட்டிருந்தாங்க. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லல. எடை குறையறது வேற, ஆரோக்கியமா எடை குறையறது வேற. இந்த வரலாறு முழுக்க அந்தப் பாடம்தான். வயசானவங்களுக்கு அது ரெண்டு மடங்கு பொருந்தும்.

7/
இப்ப அல்சர் கதைக்கு வருவோம். உங்க ஊர்ல மேல்வயித்துல நேர்க்கோடா தழும்போட ஒரு தாத்தா இருப்பார். "அந்தக் காலத்து அல்சர் ஆபரேஷன்"னு சொல்வார். தென்னிந்தியாவுல குடல்புண் அவ்வளவு சாதாரணம்.

எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சோமர்வெல், இன்றைய குமரி மாவட்டம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கி இந்த ஆபரேஷனை ஏராளமாப் பண்ணவர். பிறகு 1949 முதல் 1961 வரை வேலூர் சி.எம்.சி.யில் சர்ஜரி சொல்லிக் கொடுத்தார். இரைப்பையைச் சிறுகுடலோட நேரா இணைக்கிறது அந்தக் காலத்து அல்சர் வைத்தியத்துல முக்கியமான ஒண்ணு.

8/
இதுக்கும் எடை குறைப்புக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன் ஒண்ணு கவனிச்சார்: அல்சருக்காக இரைப்பையில ஒரு பகுதியை எடுத்த பெண்களுக்கு மறுபடி எடை ஏறல. 1966-ல் சிகாஷி இடோவோட சேந்து அதையே பருமனுக்குப் பண்ணிப் பாத்தார். இன்னைக்கு 'கேஸ்ட்ரிக் பைபாஸ்'னு சொல்றோமே, அது அல்சர் ஆபரேஷனோட பிள்ளை.

9/
1994-ல் இதையே சின்னத் துளைகள் வழியா, லேப்ராஸ்கோப்பியில பண்ணாங்க. அப்புறம் 'ஸ்லீவ்' வந்துச்சு: இரைப்பையில சுமார் முக்கால் பங்கை எடுத்துட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடறது. இன்னைக்கு அதிகமா நடக்கிறது இதுதான்.

10/
1995-ல் அமெரிக்க சர்ஜன் வால்டர் போரிஸ் ஒரு கணக்கு வெளியிட்டார். பைபாஸ் பண்ண சர்க்கரை நோயாளிகள் 146 பேர்ல 121 பேருக்கு சுகர் இயல்பு நிலைக்கு வந்து நின்னுச்சு. அதுவரை இது 'எடை ஆபரேஷன்'. அதுக்கப்புறம் 'சுகர் ஆபரேஷன்'னும் ஒரு பேர் வந்துச்சு. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4% பேருக்கு சர்க்கரை நோய்னு 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுது. ஆசை வர்றதுல ஆச்சரியம் இல்ல.

11/
சரி, ஆயுள் கூடுமா? இதுக்கு மிகப் பெரிய சாட்சி ஸ்வீடனின் 'எஸ்.ஓ.எஸ்.' ஆய்வு. 1987-ல் ஆரம்பிச்சு, ஆபரேஷன் பண்ணவங்க சுமார் 2,000 பேர், பண்ணாதவங்க சுமார் 2,000 பேர்னு பல வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. 2020-ல் வந்த கணக்குப்படி, ஆபரேஷன் பண்ணவங்க சராசரியா 3 வருஷம் கூடுதலா வாழ்ந்தாங்க.

ஆனா ஒரு விஷயம். அதுல சேத்தவங்க வயசு 37-லிருந்து 60 வரைதான். நம்ம 62 வயசு அம்மா அந்த ஆய்வுல இல்ல.

12/
அம்மா இருக்கிற ஆய்வு வேற. 2005-ல் டேவிட் ஃப்ளம் குழு, அமெரிக்க அரசு காப்பீடான மெடிகேர்ல 1997-2002 காலத்துல ஆபரேஷன் பண்ண 16,155 பேரைக் கணக்கெடுத்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க: 65-க்குக் கீழே 100-க்கு சுமார் 4 பேர். 65-ம் அதுக்கு மேலயும் 100-க்கு 11 பேர்.

நாடே அதிர்ந்துச்சு. அதே ஆண்டு, 65 தாண்டினவங்களுக்குப் பணம் தர மாட்டோம்னு மெடிகேர் ஒரு வரைவு போட்டுச்சு.

13/
ஆனா அதே ஆய்வுல இன்னொரு எண்ணும் இருந்துச்சு. இந்த ஆபரேஷனைக் குறைவா பண்ற சர்ஜன்கள்கிட்ட, 90 நாளுக்குள்ள இறக்கிற வாய்ப்பு 1.6 மடங்கு. அதாவது வயசு மட்டும் இல்ல, யார் கையில போறோம்கிறதும் உயிரைத் தீர்மானிக்குது.

2006 பிப்ரவரியில் மெடிகேர் முடிவை மாத்துச்சு: வயசு எல்லை இல்ல, ஆனா தரச் சான்று பெற்ற மையத்துலதான் பண்ணணும். வயசுல போட்ட கோடு, ஆஸ்பத்திரியோட தரத்துக்கு நகர்ந்துச்சு.

14/
லேப்ராஸ்கோப்பி பரவின பிறகு ஆபத்து நிறையவே இறங்கிடுச்சு. 2009-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வுல, தேர்ந்த மையங்கள்ல எல்லா வயசும் சேத்து 30 நாள் இறப்பு ஆயிரத்துக்கு 3. 2022-ல் உலக சர்ஜன் அமைப்புகள் சேந்து போட்ட வழிகாட்டி, மேல் வயது வரம்பே கிடையாதுன்னு சொல்லுது. பாக்க வேண்டியது பிறந்த தேதியை இல்ல, உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்குங்கிறதைத்தான்.

15/
நம்ம நாட்டுலயே தெரிஞ்ச ரெண்டு பேர். நிதின் கட்கரி 2011-ல், 54 வயசுல பண்ணிக்கிட்டார். அருண் ஜெட்லி 2014 செப்டம்பர்ல, மத்திய நிதியமைச்சரா இருக்கும்போது, 61 வயசுல பண்ணிக்கிட்டார். நாள்பட்ட சர்க்கரை நோய், 2005-லயே இதய பைபாஸ் நடந்த உடம்பு. அதே மாசம் எய்ம்ஸ்ல சேர வேண்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிட்ட வயசுல ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 7 வருஷம்தான். ஆபரேஷன் டேபிளுக்கு ஏறுன உடம்புகள் வேற வேற.

16/
யாருக்குத் தகுதி? 2009 இந்திய வழிகாட்டிப்படி பி.எம்.ஐ. 37.5-க்கு மேல, அல்லது சர்க்கரை மாதிரி கூட்டு நோய் இருந்தா 32.5-க்கு மேல. 2022 உலக வழிகாட்டி, ஆசியர்களுக்கு 27.5-லயே யோசிக்கலாம்னு சொல்லுது.

ஆனா இன்சூரன்ஸ் விதி (ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2019) வெள்ளைக்காரன் எண்ணையே வச்சிருக்கு: 40, அல்லது தீவிர கூட்டு நோயோட 35. அம்மா 150 செ.மீ. உயரம்னா 86 கிலோவுக்கு பி.எம்.ஐ. சுமார் 38. கட்டுப்படாத சுகர்னு ஆவணம் இருந்தாத்தான் பணம் வரும். முதல்லயே எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

17/
வயசானா எங்க இடிக்கும்? எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போகாது, தசையும் போகும். 35 வயசுல போன தசையை மீட்டுடலாம், 65-ல் கஷ்டம். எலும்பும் மெலியும். 30 கிலோ இறக்கிட்டு, பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சா என்ன லாபம்?

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுசுக்கும் எடுக்கணும். நிறுத்தினா, ஸ்ப்ரூ நோயாளிக்கு வந்த அதே ரத்தசோகை வரும்.

18/
முக்கியமா முட்டி வலிக்காரங்க கவனிங்க. பைபாஸ் பண்ணவங்க மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையை வாங்கிப் போட்டா, இணைச்ச இடத்துல புண் வந்து ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். அல்சர் ஆபரேஷன்ல பிறந்தது திரும்ப அல்சர்லயே போய் நிக்கும்.

சுகர் மாத்திரை, இன்சுலின் அளவையும் முதல் நாள்லேருந்தே டாக்டர் குறைக்கணும். பழைய டோஸையே போட்டா லோ சுகர்ல மயங்கிடுவாங்க.

19/
அப்ப முடிவெடுக்கும் முன்னாடி இதைப் பாருங்க.

அம்மா கையை ஊனாம நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாங்களா?
இதயம், சிறுநீரகம், தூக்கத்துல மூச்சு முட்டல் பரிசோதிச்சாச்சா?
சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை பண்றார், அதுல 60 தாண்டினவங்க எத்தனை? கூச்சப்படாம கேளுங்க.
ராத்திரி 2 மணிக்கு வயித்து வலி, காய்ச்சல்னா யாரைக் கூப்பிடணும்?
மூணு வருஷம் கழிச்சும் ரத்தப் பரிசோதனைக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க? நீங்க ஷிஃப்ட்ல இருந்தா?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லன்னா, மத்த எல்லாத்துக்கும் பதில் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

20/
இப்ப வந்திருக்கிற எடை குறைப்பு ஊசிகளும் ஒரு வழி. அதுலயும் தசை போகும். நிறுத்தினா எடை திரும்ப ஏறும். எந்த வழியில போனாலும் முட்டை, பருப்பு, மீன்னு புரதமும், தசைக்கு தினமும் பயிற்சியும் வேணும். வெறும் 5 கிலோ குறைஞ்சாலே முட்டிக்கு நிம்மதி தெரியும். அதை முதல்ல முயற்சி பண்ணிப் பாருங்க. ஆபரேஷனே பண்றதா இருந்தாலும் அது வீண் போகாது.

21/
"வயசு தாண்டிப் போச்சா?" இல்ல. 62-ங்கிறதுக்காக யாராவது கதவைச் சாத்தினா, இன்னொரு டாக்டரையும் பாருங்க. "வயசு ஒரு பிரச்சினையே இல்ல, நாளைக்கே அட்மிட் ஆகுங்க"ன்னு யாராவது சொன்னாலும், அப்பவும் இன்னொரு டாக்டரைப் பாருங்க.

அம்மாவோட பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. உடம்பு அவங்களோடது. முடிவும் அவங்க வாயிலிருந்து வரட்டும்.