பொருளடக்கம்: பதிகம் முதல் கணினி வரை

நூலொன்றைக் கையில் எடுப்பவர் முதற்கண் நோக்குவது அதன் பெயரை. அடுத்து நோக்குவது அதன் பொருளடக்கத்தை. இந்நூல் தமக்குப் பயன்படுமா, படாதா என்பதை அவ்விரண்டாலும் உய்த்துணர்ந்த பின்னரே பலர் நூலினுள் புகுகின்றனர். அவ்வாறிருந்தும் நூல் எழுதுவோருள் பலர் பொருளடக்கத்தைத் தம் பணியென்று கருதுவதில்லை. முன்னாளில் அதனை அச்சகத்தாரிடம் விட்டனர்; இந்நாளில் கணினியிடம் விடுகின்றனர். இப்போக்கு தமிழ் நூன்மரபுக்கு ஏற்றதுதானா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழில் நூற்பகுப்பு

தொல்காப்பியர் செய்யுளியலில் நூலின் இலக்கணம் கூறுமிடத்து அதனை நான்கு படிகளாகப் பகுக்கின்றார். அவை சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என்பன. ஒரு பொருளைக் கருதிச் சொல்வது சூத்திரம். இனமான செய்திகள் ஒருசேர அமைந்தது ஓத்து. பல்வகைச் செய்திகள் பொதுவாகத் தொகுக்கப்பெற்றது படலம். இம்மூன்றையும் உள்ளடக்கியது பிண்டம். உரையாசிரியர்கள் இப்பகுப்பைத் தொல்காப்பியத்திற்கே பொருத்திக் காட்டுவர். இயல் ஒவ்வொன்றும் ஓத்து. அதிகாரம் ஒவ்வொன்றும் படலம். நூல் முழுமையும் பிண்டம். அதிகாரம் 3, அதிகாரத்திற்கு 9 இயலாக இயல்கள் 27. இவ்வளவு செப்பமான அடுக்கு, நூலை எழுதி முடித்தபின் யாரோ ஒருவர் சேர்த்த ஒட்டுவேலை ஆகாது. எழுதத் தொடங்கு முன்னரே ஆசிரியர் உள்ளத்தில் நின்ற வரைபடம் ஆகும்.

13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் 32 உத்திகளை எண்ணுகின்றார். அவற்றுள் ஓத்து முறைவைப்பு, தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்பன ஈண்டு நம் கருத்துக்குரியவை. இயல்களைக் காரணம் நோக்கி முறைப்படுத்துக. முதலில் தொகையாகச் சுட்டுக. பின்னர் வகையாக விரித்துக் காட்டுக என்பது இவற்றால் பெறப்படும். நல்ல பொருளடக்கத்திற்கு இலக்கணம் வேறு என்ன வேண்டும்?

இலக்கணம் இவ்வாறாக, இலக்கியத்தில் பொருளடக்கமே பாட்டாக அமைந்திருத்தலைக் காண்கின்றோம். சிலப்பதிகாரத்தின் பதிகம் அக்காப்பியம் தோன்றிய வரலாற்றைக் கூறுவதோடு நில்லாது, மங்கல வாழ்த்து முதல் வரந்தரு காதை ஈறாக உள்ள 30 பகுதிகளின் பெயரையும் வரிசையாக எண்ணிச் செல்கின்றது. மணிமேகலைப் பதிகமும் விழாவறை காதை தொடங்கி 30 காதைகளையும் அவ்வாறே அடைவு செய்கின்றது. பதிகங்களைப் பாடினோர் நூலாசிரியரே என்பாரும், பிற்காலத்தார் என்பாரும் உளர். யார் பாடியிருப்பினும், காப்பியத்தின் தலைவாயிலில் உள்ளுறையை வைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழில் மிகப் பழமையானது என்பது தெளிவு.

மேலை நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. உரோம நாட்டறிஞர் பிளினி கி.பி. 77-ஆம் ஆண்டளவில் இயற்கை வரலாறு பற்றி 37 பாகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றைத் தைத்தசு என்னும் இளவரசருக்குப் படைத்தார். அதன் முதற்பாகத்தின் பெரும்பகுதி ஏனைய பாகங்களில் அடங்கிய பொருள்களின் பட்டியலே. ஆட்சிப் பணியில் ஓய்வின்றி இருப்பவர் 37 பாகங்களையும் படித்துக் கொண்டிருத்தல் இயலாது. வேண்டிய இடத்தை எளிதிற் காணட்டும் என்பதே அவர் கருத்து. நூலாசிரியரே பட்டியலிட்டார் என்பது இங்கும் கருதத்தக்கது.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

பதிகத்தில் காதைகளின் பெயர் உண்டு. பக்க எண் இல்லை. இதற்குக் காரணம் வெளிப்படை. ஓலைச்சுவடியில் ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண்களால் ஏட்டெண் இடும் வழக்கம் இருந்தது. ஆனால் ஓலையின் நீளமும் எழுதுவோர் கையெழுத்தின் அளவும் சுவடிக்குச் சுவடி வேறுபடும். ஒரு சுவடியில் 40-ஆம் ஏட்டில் உள்ள பாட்டு மற்றொன்றில் 52-ஆம் ஏட்டில் இருக்கலாம். ஆகவே இடஞ்சுட்டுவதற்கு ஏட்டெண் பொதுவாக உதவாது. இயலின் பெயரும் பாட்டின் எண்ணுமே எல்லாச் சுவடிக்கும் பொதுவாயின. பெயர்களை யாப்பிற் கட்டி வைத்ததில் மற்றொரு நலமும் உண்டு. உரைநடைப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் கண்டறிதல் அரிது. செய்யுளில் விடுபட்டால் சீரும் தளையும் காட்டிக் கொடுத்துவிடும்.

அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. அது 16 பக்கமுடைய சிறு நூல். ஒரே பதிப்பின் படிகள் அனைத்திலும் ஒரு செய்தி ஒரே பக்கத்தில் நிற்கும் என்னும் உறுதியை அச்சு அளித்தது. அவ்வுறுதியின்மேல் எழுந்ததே பெயரும் பக்க எண்ணும் இணைந்த இன்றைய பொருளடக்கம். பழைய தமிழ் நூல்களில் அதற்கு 'அட்டவணை' என்றும், 'விஷய சூசிகை' என்றும், 'உள்ளுறை' என்றும் பல பெயர்கள் வழங்கின. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் பதிப்பித்தபோது, முகவுரையும் ஆசிரியர் வரலாறும் அரும்பத அகராதியும் சேர்த்து, வேண்டியதை வேண்டியவுடன் எடுத்துக் கொள்ளும் வண்ணம் அந்நூல்களை அமைத்தார். பதிப்பாசிரியர் பணி பாடத்தைத் திருத்துவதோடு முடிவதன்று என்பதைத் தமிழுலகுக்குக் காட்டியவர் அவர்.

எனினும் அச்சு முறையில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. நூல் முழுதும் அச்சுக் கோத்து முடிந்தாலன்றி எப்பகுதி எப்பக்கத்தில் விழும் என்பது தெரியாது. ஆதலால் முன்னே நிற்க வேண்டிய பொருளடக்கம் கடைசியிலேயே அச்சேறிற்று. நூலின் உட்பகுதி 1 என்னும் எண்ணில் தொடங்க, முகவுரையும் பொருளடக்கமும் உரோமன் எண் பெற்றுத் தனிப் பாரமாக நிற்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கடைசியில், விரைவில், பெரும்பாலும் அச்சுக்கோப்பவர் கையால் தொகுக்கப்பெற்றமையால், பொருளடக்கம் அச்சகத்தார் வேலை என்னும் எண்ணமும் எழுத்தாளரிடையே வேரூன்றிவிட்டது.

சிங்கப்பூரும் கணினித் தமிழும்

சிங்கப்பூரில் தமிழ் அச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 'முனாஜாத்துத் திரட்டு' என்னும் செய்யுள் நூல் 1872-இல் இங்கு அச்சாயிற்று. 1887-இல் 'சிங்கை நேசன்' வார இதழ் தோன்றிற்று. அச்சுக் கலையில் இவ்வாறு முற்பட்ட இந்நகரம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் கணினித் தமிழிலும் முற்பட்டு நின்றது.

சிறுகதையாசிரியரும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துத் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவருமான நா. கோவிந்தசாமி, 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழெழுத்திலேயே இணையத்தில் ஏற்றும் பணியில் முன்னின்றார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகச் சிங்கப்பூரில் கூடிற்று. 2000-ஆம் ஆண்டு மாநாடும் இங்கேயே நடைபெற, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் அமைக்கப்பெற்றது. 1999-இல் மறைந்த கோவிந்தசாமி அதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

இம்மாநாடுகளில் பெரிதும் ஆராயப்பட்டது எழுத்துருக் குறியீடு. அதற்கும் பொருளடக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நெருக்கமானது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில முதலிய மொழிகளின் எழுத்துக்களுக்குரிய எண்ணிடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. சொற்செயலியில் தலைப்பைத் தமிழ் எழுத்துருவில் அமைத்துத் தானியங்கிப் பொருளடக்கம் வேண்டினால், கணினி அவ்வெண்களைத் திரட்டிப் பொருளடக்கப் பக்கத்திற்கென வகுத்த வேறோர் எழுத்துருவில் இடும். அது ஆங்கில எழுத்துருவாக இருந்தால், உள்ளே 'பாலைத்திணை' என்று நின்ற தலைப்பு முகப்பில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தோன்றும். இத்தொல்லைக்கு அஞ்சிப் பலர் பொருளடக்கத்தைத் தனியே தட்டெழுதி, புள்ளி வரிசையிட்டு, பக்க எண்களைக் கையாலேயே நிரப்பினர்.

1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனி எண்ணிடங்கள் அமைந்தன. 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோசு இயங்குதளம் அம்முறையில் தமிழுக்கு இடம் தந்தது. இம்முறையில் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. அத்தொல்லை அதனோடு ஒழிந்தது. ஆயின் அத்தொல்லை கற்பித்த பழக்கம் மட்டும் ஒழிந்தபாடில்லை. இன்றும் பள்ளி ஆண்டு மலர்களிலும் சங்க மலர்களிலும் புள்ளியிட்டுப் பக்க எண் தட்டுவாரைக் காண்கின்றோம். இடையில் ஒரு படம் சேர்ந்தால் அதன் பின்னுள்ள எண்கள் எல்லாம் பிழையாகிவிடுகின்றன.

கருவி செய்வதும் செய்யாததும்

மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரே ஆபீசு முதலிய சொற்செயலிகளில் தலைப்புக்கெனப் படிநிலை வகுத்த பாணிகள் உள்ளன. பெரும்பகுதியின் தலைப்பை முதல் நிலை என்றும், அதன் உட்பிரிவை இரண்டாம் நிலை என்றும், அதற்கும் உட்பட்டதை மூன்றாம் நிலை என்றும் ஆசிரியர் குறித்துவிட்டால், கணினி அத்தலைப்புக்களைத் திரட்டிப் பக்க எண்ணுடன் வரிசைப்படுத்தித் தரும். பிண்டத்துள் படலமும், படலத்துள் ஓத்தும், ஓத்தினுள் சூத்திரமும் அடங்கக் கண்ட மாணவனுக்கு இவ்வடுக்கு புதியதன்று. ஆசிரியர்கள் இம்முறையை வகுப்பில் கற்பிக்கும்போது தொல்காப்பியப் பகுப்பிலிருந்தே தொடங்கலாம்.

சில நுட்பங்களை மனத்திற் கொள்ளல் நலம். தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்குவதால் மட்டும் கணினி அதனைத் தலைப்பென அறியாது. பாணியால் குறித்தல் வேண்டும். ஒரு தலைப்பை நடுவில் வரி முடிப்பு விசையைத் தட்டி இரு பத்தியாக்கினால், பொருளடக்கத்தில் அது இரண்டு தலைப்பாக விழும். நூலில் மாற்றம் செய்த பின்னர்ப் பொருளடக்கத்தைப் புதுப்பிக்குமாறு பணித்தல் வேண்டும். இல்லையேல் பழைய எண்களே நிற்கும். தலைப்பில் ஒற்றுப்பிழை இருந்தால் அப்பிழை அவ்வாறே முகப்பில் ஏறும்.

இவற்றால் விளங்குவது யாது? கருவி திரட்டும், பகுக்காது. எண்ணிடும், முறைவைக்காது. எதை முன் வைப்பது, எதைப் பின் வைப்பது, எதை எதனுள் அடக்குவது என்பன எல்லாம் ஆசிரியர் அறிவுக்கே உரியவை. பகுப்பில்லாத நூலுக்குக் கணினி தரும் பொருளடக்கம் வெறுந்தாளே.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. கைப்பேசியில் படிக்கும் மின்னூல்களில் எழுத்தின் அளவைக் கூட்டினால் பக்கங்கள் மிகும், குறைத்தால் குறையும். ஏடு போலவே பக்கமும் நிலையற்றதாகிவிட்டது. ஆதலால் மின்னூலின் பொருளடக்கம் பக்க எண்ணை நம்புவதில்லை. தொட்டவுடன் அத்தலைப்புள்ள இடத்திற்கே கொண்டு செல்கின்றது. பதிகம் பாடியவர் காலத்தில் பெயரே வழிகாட்டியாக நின்றவாறு இன்றும் பெயரே வழிகாட்டுகின்றது. கண்பார்வை இழந்தோர் திரைவாசிப்பான் துணையால் நூல் கேட்கும்போதும், தலைப்புக்கள் முறையாகக் குறிக்கப்பெற்றிருந்தால்தான் பகுதி பகுதியாகத் தாவிச் செல்லுதல் கூடும். அவர்க்குப் பொருளடக்கம் அழகுக்கு வைத்த பக்கமன்று, வழியே அதுதான்.

எழுதுவோர் கடன்

1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களுள் 300-க்கு மேற்பட்டவை, தன்னார்வலர் முயற்சியால் மின்வடிவம் பெற்று 2015-இல் தேசிய நூலகத்திற்கு அளிக்கப்பெற்றன. இனி வரும் நூல்களும் அங்கே சென்று சேரும். வெளியாகும் நூலின் படிகளைத் தேசிய நூலகத்திற்கு அளித்தல் வேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம். ஆகவே தேக்காவில் ஒரு மாலை வெளியிடப்படும் சிறு மலரும் அம்மாலையோடு மறைவதன்று. ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவர் அதனைத் திறப்பார். 'கட்டுரை', 'கவிதை', 'வாழ்த்துரை' என்று மட்டும் எழுதிய பொருளடக்கம் அவருக்கு என்ன சொல்லும்? எழுதியவர் பெயரும், எதைப் பற்றி எழுதினார் என்பதும் அங்கே நின்றால், அவ்வொரு பக்கமே அக்காலச் சமுதாயத்தின் சான்றாகும். மூடிக் கிடக்கும் தோட்டப் பள்ளிகளின் வரலாறு, மறைந்துபோன மன்றங்களின் பணி, பெயர் மங்கிய ஆசிரியர்களின் எழுத்து ஆகிய யாவும் இத்தகைய மலர்களிலேயே ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்வார்க்குப் பொருளடக்கமே முதற்சுவடு.

ஆதலின் எழுதத் தொடங்கும்போதே பகுப்பை எழுதிக் கொள்க. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளை உணர்த்தும் பெயரிடுக. எழுதி முடித்தபின் பெயரும் பொருளும் ஒத்துள்ளனவா என நோக்குக. எண்ணிடும் தொழிலைக் கணினி ஏற்கட்டும். மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களும் முதலில் தலைப்பு நிரலைக் கேட்டு வாங்கித் திருத்துவாராயின், பின்னர்த் திருத்த வேண்டியது பாதியாகக் குறையும். பதிகம் தந்த மரபினர்க்கு இது புதிய சுமையன்று; முன்னோர் செய்து காட்டிய பழைய தொழிலே ஆகும்.