கொடுத்த கோலும் கெடுத்த கோலும்

கோல்டன் கோல் ஞாபகம் இருக்கா மக்களே? ஆட்டம் சமநிலையில் முடிஞ்சா கூடுதல் நேரம் தருவாங்க. அதில் யார் முதலில் கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் க்ளோஸ். திருப்பி அடிக்க வாய்ப்பே கிடையாது. ஹாக்கியில் இப்போ அந்த விதி இல்லை. இருந்த காலத்தில் ஒரே மனுஷனுக்கு அள்ளியும் கொடுத்து, பிடுங்கவும் செஞ்சது. அவர்தான் நெதர்லாந்தின் டியூன் டி நூயர்.

1976ல் பிறந்தவர். இருபது வயசிலேயே 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம்! 1998ல் உலகக் கோப்பை, சொந்த மண்ணில், உட்ரெக்ட் நகரில். இறுதிப் போட்டியில் ஸ்பெயினோடு 2-2. கூடுதல் நேரத்தில் நம்ம ஆள் போட்ட கோல்டன் கோலில் கோப்பை நெதர்லாந்துக்கு. 2000 சிட்னியில் மறுபடி தங்கம். இறுதியில் தென்கொரியாவோடு 3-3, பெனால்டி ஸ்ட்ரோக்கில் வெற்றி.

அடுத்து 2004 ஏதென்ஸ். தொடர்ந்து மூணாவது தங்கத்துக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. ஆஸ்திரேலியாவோடு 1-1. கூடுதல் நேரத்தில் ஜேமி டுவயர் ஒரு கோல் போட்டார். அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. ஆறு வருஷம் முன்னாடி ஸ்பெயின்காரங்க எப்படி நின்னிருப்பாங்களோ, அப்படி இப்போ இவர்.

வேடிக்கை என்னன்னா, அந்த டுவயரும் இவரும் ப்ளூமெண்டால் கிளப்பில் ஒண்ணா ஆடினவங்க. உலகின் சிறந்த வீரர் விருதையும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாங்கினாங்க: 2003 இவர், 2004 அவர், 2005, 2006 இவர், 2007 மறுபடி அவர்.

2008 பெய்ஜிங்கில் நாலாவது இடம். அதோட பேசாம ஒதுங்கியிருக்கலாம். ஆனா 36 வயசில் லண்டனுக்கும் வந்தார், அஞ்சாவது ஒலிம்பிக்! அரையிறுதியில் பிரிட்டனுக்கு 9-2ன்னு செம சாத்து. இறுதியில் ஜெர்மனியிடம் 1-2. மறுபடி வெள்ளி. இத்தனைக்கும் வீட்டம்மா ஜெர்மன் ஹாக்கி வீராங்கனை :-)

மொத்தம் 453 சர்வதேச ஆட்டங்கள். 2013ல் நம்ம ஊர் ஹாக்கி இந்தியா லீக்கில் உத்தரப் பிரதேச அணிக்கும் ஆடினார்.

ரெண்டு தங்கம் வாங்கினவர்னுதான் எல்லாரும் எழுதுவாங்க. எனக்கு என்னமோ அந்த ரெண்டு வெள்ளிதான் பெருசாத் தெரியுது. ஒரே கோலில் எல்லாம் பறிபோன பிறகும், எட்டு வருஷம் கழிச்சு அதே மாதிரி ஒரு ஆட்டத்தில் போய் நிக்க தனி தைரியம் வேணும். நீங்க என்ன சொல்றீங்க?