கொம்பும் துணைக்காலும்

1998 பொங்கல் நாளில் முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மின்னூல் திட்டத்திற்கு எங்கள் ஊர்ப்பெயர்: மதுரைத் திட்டம். அன்று யூனிக்ஸோ விண்டோஸோ தமிழை நேராக அறியாதவை. ஆகவே தமிழே அவற்றிற்கேற்ப வளைந்தது. திஸ்கி என்னும் எட்டு பிட் குறியீட்டில் கீழ்ப்பாதி ஆங்கிலத்திற்கு. மேல் 128 இடங்களில் தமிழ். ‘கொ’ எழுதக் கொம்பு, ககரம், துணைக்கால் எனக் கண் காணும் வரிசை. எழுத்துரு ஒன்றிருந்தால் பழைய கணினியிலும் படிக்கலாம். எளிய, அழகான தந்திரம்தான்.

யூனிகோடோ ககரத்தை முதலில் வைத்து ஒலிவரிசையில் சேமிப்பது. வரிசையையே திருப்பாமல் மாற்ற இயலாது.

என் பழைய ஆய்வேட்டுக் குறிப்புகளைச் சிறு நிரலொன்றால் மாற்றினேன். ‘கொற்றவை’ எனத் தேடினேன். திரையில் இருந்தாள், தேடலில் அகப்படவில்லை. நிரல் கொம்பைப் பின்னே நகர்த்தியதேயன்றித் துணைக்காலுடன் ஒரே குறியாக இணைக்கவில்லை. இணைத்த பிறகே கிடைத்தாள்.