தேங்காய் எண்ணெய்ச் சதியும் மொரிஷியஸ் தீவின் ரேஷன் எண்ணெயும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கையில் கிளினிக் கொப்பி உள்ளவர்களும் அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்களும் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

நம் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. தேங்காய் எண்ணெய் கூடாது என்பது அமெரிக்க சோயாக்காரர்கள் செய்த சதியாம். நம் முன்னோர் காலங்காலமாகத் தேங்காய் சாப்பிட்டும் மாரடைப்பு வரவில்லையாம். ஆகவே கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்திவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்க வேண்டுமாம்.

இந்தச் செய்தியை முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் முதற்பகுதியில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையிலிருந்து கடைசி வரிக்குப் போகப் பாதை கிடையாது. பாதி உண்மையோடு வருவதால்தான் படித்தவர்களும் நம்பிக் குளிசையை நிறுத்துகிறார்கள். அதனால் இந்தக் கதையை அதன் வரலாற்றோடு, ஆண்டு ஆண்டாகப் பார்ப்போம்.

1913இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் அனிச்கொவ் என்ற இளம் ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார். அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்தது. வெறும் சூரியகாந்தி எண்ணெய் மட்டும் கொடுத்த முயல்களுக்கு அப்படி ஆகவில்லை. கொலஸ்ட்ரோலுக்கும் குழாய் அடைப்புக்கும் தொடர்பு உண்டு என்ற பேச்சு இங்கிருந்துதான் வலுப்பெற்றது. ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. மனிதருக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி நெடுங்காலம் அப்படியே கிடந்தது.

மனிதருக்கான பதில் 1950களில் கிடைத்தது. நியூயோர்க்கில் அஹ்ரென்ஸ் என்ற வைத்தியர் நோயாளிகளை வைத்தியசாலையிலேயே தங்கவைத்து, திரவ உணவை அளந்து கொடுத்தார். மற்ற எல்லாம் அதே அளவு. கொழுப்பின் வகையை மட்டும் மாற்றினார். பட்டரும் தேங்காய் எண்ணெயும் கொடுத்தபோது இரத்தக் கொலஸ்ட்ரோல் ஏறியது. சோள எண்ணெய் கொடுத்தபோது இறங்கியது. 1957இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரோல் இல்லை. சோள எண்ணெயிலும் இல்லை. போத்தலில் "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று போடுவது எந்தத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும். ஆகவே அந்த வரியைப் பார்த்து எண்ணெய் வாங்குவதில் அர்த்தமில்லை. எண்ணெயில் உள்ள நிரம்பிய கொழுப்பு எவ்வளவு என்பதே கேள்வி.

அது ஏன் என்பது பின்னர் விளங்கியது. கெட்ட கொலஸ்ட்ரோல் என்று நாம் சொல்லும் எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து பிடித்து எடுப்பது ஈரல். அதற்கென்று ஈரலின் கலங்களில் ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிரம்பிய கொழுப்பு அதிகமாகும்போது இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. எல்டிஎல் இரத்தத்திலேயே தேங்குகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. பாம் எண்ணெயில் ஏறத்தாழ பாதி. சோயா, நல்லெண்ணெய், ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றில் 15 வீதம் அளவில். சூரியகாந்தியில் அதைவிடச் சற்றுக் குறைவு.

இனி அந்தச் சதிக்கு வருவோம். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்க சோயா விவசாயிகள் சங்கம் தேங்காய், பாம் எண்ணெய்களுக்கு எதிராகப் பகிரங்கமாகப் பிரசாரம் செய்தது உண்மை. அவர்களுடைய சந்தைக்கு இவை போட்டி. 1988இல் பில் சொகொலொஃப் என்ற வர்த்தகர் தன் சொந்தப் பணத்தில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டார். இந்த எண்ணெய்கள் அமெரிக்காவுக்கு நஞ்சூட்டுகின்றன என்பது அதன் சாரம். அவர் சோயா வியாபாரி அல்ல. 43 வயதில் மாரடைப்பு வந்து தப்பியவர். பெரிய பிஸ்கட் கம்பனிகள் பயந்து தேங்காய், பாம் எண்ணெய்களைக் கைவிட்டன.

அதற்குப் பதிலாக என்ன போட்டார்கள்? ஐதரசன் ஏற்றி இறுக வைத்த சோயா எண்ணெய். இதில்தான் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. 1990இல் நெதர்லாந்தில் மென்சிங், கட்டான் என்ற இருவர் 59 பேரை வைத்துச் செய்த ஆய்வில், டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்ட்ரோலான எச்டிஎல்லையும் குறைக்கிறது என்று தெரிந்தது. தேங்காயைத் துரத்திவிட்டுக் கொண்டுவந்தது அதைவிட மோசமானது. 2003இல் டென்மார்க் அதற்குச் சட்டத்தால் கடிவாளம் போட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளும் அதை ஒழிக்க வேண்டும் என்று கேட்டது.

எனவே சோயாக்காரர்களின் சுயநலம் பற்றிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அஹ்ரென்ஸ் அளந்தது அந்தப் பிரசாரத்துக்கு முப்பது வருடம் முன்னால். வியாபாரி ஒருவன் தன் இலாபத்துக்காக ஓர் உண்மையைத் தூக்கிப் பிடித்தால், உண்மை பொய்யாகிவிடாது.

இப்போது நமக்குப் பக்கத்துச் சமுத்திரத்தில் உள்ள ஒரு தீவுக்குப் போவோம். மொரிஷியஸ். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பெரும்பான்மையோர் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். தமிழரும் முஸ்லிம்களும் அங்கு இருக்கிறார்கள். நம்மைப் போலவே சோறும் கறியும் சாப்பிடும் சனம். அங்கே அரசாங்கம் மானிய விலையில் ரேஷன் எண்ணெய் கொடுத்துவந்தது. அது பெரும்பாலும் பாம் எண்ணெய். 1987இல் எடுத்த கணக்கெடுப்பில் சீனி வருத்தமும் இருதய நோய்க்கான காரணிகளும் பயங்கரமாக இருந்தன. அரசாங்கம் தொற்றா நோய்களுக்கு எதிரான வேலைத்திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக ரேஷன் எண்ணெயை முழுவதும் சோயா எண்ணெயாக மாற்றியது. சனங்கள் சமையலை மாற்றவில்லை, கடையை மாற்றவில்லை. எண்ணெய் மட்டும் மாறியது.

1992இல் மறுபடி அளந்தார்கள். மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரோல் 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியிருந்தது. நம் ரிப்போர்ட்டில் வரும் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 213இலிருந்து 182. இது ஒரு நோயாளியின் கணக்கு அல்ல; ஒரு நாட்டின் சராசரி. அதே காலத்தில் புகைத்தலும் குறைந்தது, வேறு மாற்றங்களும் நடந்தன. ஆகவே முழுப் பெருமையும் எண்ணெய்க்கு அல்ல. ஆனால் கொலஸ்ட்ரோல் இறங்கியதில் பெரிய பங்கு எண்ணெய்க்கு உண்டு என்றுதான் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருந்தது. மக்களின் உடற்பருமன் கூடியிருந்தது. சீனி வருத்தம் குறையவில்லை. எண்ணெய் மாறியதால் எண்ணெயால் வந்ததே குறைந்தது. சீனிக்கும் மாவுக்கும் அசையாமல் இருப்பதற்கும் எண்ணெய் பரிகாரம் செய்யாது.

"அப்படியென்றால் நம் முன்னோர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினான்காம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் பயணம் செய்த இப்னு பதூதாவே தென்னையிலிருந்து பாலும் எண்ணெயும் தேனும் எடுப்பதை எழுதி வைத்திருக்கிறார். பசிபிக் தீவுகளான டொகெலாவிலும் புகாபுகாவிலும் செய்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. டொகெலா மக்கள் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே பெற்றார்கள். அவர்களிடம் இருதய நோய் அரிது. தேங்காய்க்காக வாதாடுபவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வில், தேங்காய் கூடுதலாகச் சாப்பிட்ட டொகெலாவினரின் கொலஸ்ட்ரோல் புகாபுகாவினரைவிட அதிகமாக இருந்தது என்பதும் உண்டு. அவர்களைக் காத்தது தேங்காய் மட்டுமல்ல. மீன், உழைப்பு, சீனி குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்தது. நம் வாப்பாமாரின் வாப்பாமாரும் அப்படித்தான். தோணி தள்ளினார்கள், வயலில் இறங்கினார்கள். தேங்காயைத் துருவியும் பிழிந்தும் சாப்பிட்டார்கள். பின்னேரத் தேநீரோடு ரோல்ஸும் பட்டிஸும் பொரித்துத் தின்னவில்லை.

நம் நாட்டு ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் சாந்தி மென்டிஸும் சக ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். 2001இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், இலங்கைச் சாப்பாட்டில் தேங்காய்க் கொழுப்பின் ஒரு பகுதியை மட்டும் நிரம்பாத கொழுப்பால் மாற்றியபோதே மொத்தக் கொலஸ்ட்ரோலும் எல்டிஎல்லும் குறைந்தன. இதைச் சொன்னவர்கள் அமெரிக்கச் சோயாக்காரர்கள் அல்ல. நம் நாட்டு வைத்தியர்கள், நம் நாட்டுச் சோற்றுக் கோப்பையை வைத்துச் சொன்னது.

2013இல் வெளிவந்த இன்னொரு இலங்கை ஆய்வில், 60 ஆரோக்கியமானவர்களுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் எட்டு வாரம் தேங்காய்ப்பால் கஞ்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு எல்டிஎல் ஏறவில்லை, குறைந்தது. எச்டிஎல் கூடியது. நோன்புக் கஞ்சிப் பிரியர்களுக்குச் சந்தோசமான செய்திதான். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். அவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள். கொடுத்ததும் கஞ்சி, கரண்டியில் எண்ணெய் அல்ல.

எண்ணெயைப் பற்றி 2020இல் 16 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சோயா, சூரியகாந்தி, ஒலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூட்டுகிறது. எச்டிஎல்லையும் 4 மில்லிகிராம் கூட்டுகிறது. அந்த நாலைக் காட்டி ஆறுதல் சொல்பவர்கள் பத்தைச் சொல்வதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சோள எண்ணெயோ சூரியகாந்தியோ மருந்து அல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1968 தொடக்கம் 1973 வரை ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சோள எண்ணெய்ச் சாப்பாடு கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். கொலஸ்ட்ரோல் குறைந்தது, மரணம் குறையவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2020இல் செய்த பெரிய மீளாய்வு, நிரம்பிய கொழுப்பைக் குறைத்தால் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஏறத்தாழ 17 வீதம் குறைகின்றன என்கிறது. மரணக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நன்மை உண்டு, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இப்போது குளிசைக்கு வாருங்கள். ஸ்கண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இருதய நோய் உள்ள, கொலஸ்ட்ரோல் கூடிய 4,444 பேருக்குச் செய்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பாதிக்கு சிம்வாஸ்டட்டின் குளிசை. அவர்களின் எல்டிஎல் 35 வீதம் இறங்கியது. ஐந்து வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் மரணம் 30 வீதம் குறைந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்டிஎல் 170 உள்ள ஒருவர் எண்ணெயை மாற்றினால் பத்துப் பதினைந்து குறையலாம். குளிசை 60 அளவில் குறைக்கும். எண்ணெயை மாற்றுவது குளிசைக்குத் துணை. குளிசையை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் குடிப்பவர் ஏணியிலிருந்து இறங்குவதோடு நிற்காமல், ஏணியையும் தள்ளிவிடுகிறார். குளிசையால் தசை நோவு, வேறு கஷ்டம் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவை மாற்றுவார்கள், வேறு வகை தருவார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 750 மில்லிலீற்றர் போத்தல் மூன்று முடிகிறது என்று வையுங்கள். பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி. அது தேங்காய் எண்ணெய் என்றால் அதில் மட்டும் 12 கிராம் நிரம்பிய கொழுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 22 கிராம். கறியின் முதற்பால், இறைச்சிக் கொழுப்பு, பட்டர், கடைப் பொரியல், வட்டிலப்பம் எல்லாம் மீதிப் பத்துக்குள் அடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தாளிக்கவும் வதக்கவும் சோயா, சூரியகாந்தி, நல்லெண்ணெய் எது கட்டுப்படியாகிறதோ அதை எடுங்கள். மொத்த அளவையும் குறையுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். சூரியகாந்தி, சோயா போன்றவை அதில் சீக்கிரம் கெடும். கறிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டுங்கள். சம்பலை யாரும் விடச் சொல்லவில்லை. பேக்கரிப் பண்டங்களில் என்ன கொழுப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

2021இல் நச்சுத்தன்மை கலந்த தேங்காய் எண்ணெய் இறக்குமதியான பிரச்சினையும், அடுத்த மாதமே பாம் எண்ணெய் இறக்குமதித் தடையும் வந்த பிறகு, எண்ணெய் விசயத்தில் நம் சனத்துக்கு யாரையும் நம்ப மனமில்லை. அது நியாயம். ஆனால் கலப்படம் வேறு, கொலஸ்ட்ரோல் வேறு. நல்ல செக்கில் ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெயிலும் நிரம்பிய கொழுப்பு அதே 90 வீதம்தான்.

குளிசையை நிறுத்திய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பதிவை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கிளினிக் திகதியைக் கொப்பியில் பாருங்கள். நீங்களும் கூடப் போங்கள்.