முகவரி சொல்லும் கதை: ஜாஸ் இசைத்தட்டுகளும் இணைய ஏலமும்

நியூயோர்க் நகரில் 47, மேற்கு 63ஆம் வீதி என்பது ஒரு காலத்தில் ஒரு சிறு இசைத்தட்டுக் கொம்பனியின் அலுவலக முகவரி. இன்று அந்த முகவரி அச்சிடப்பட்ட லேபிளுக்காக மட்டும் பல ஆயிரம் டொலர் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதே இசை, அதே கலைஞர், அதே உறை. லேபிளில் முகவரி மாத்திரம் வேறு என்றால் விலை மளமளவெனச் சரிந்துவிடும். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களில் சிலரும் இப்போது இணைய ஏலத்தில் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளை வாங்குகின்றனர். எங்கள் தலைமுறையில் பலருக்கு ஜாஸ் அறிமுகமானது சிற்றலை வானொலி ஊடாகத்தான். 1955இல் அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் ஆரம்பித்த நிகழ்ச்சியை இரவில் காத்திருந்து கேட்டவர்கள், அன்று கையில் தொட முடியாத தட்டுகளை இன்று வாங்க விரும்புவது இயல்பே. ஆனால் அந்த முகவரியின் வரலாற்றை அறியாமல் ஏலத்தில் இறங்குவது ஆபத்தானது.

மேற்படி கொம்பனியின் பெயர் புளூ நோட். பேர்ளினில் பிறந்த அல்பிரட் லயன், 1938 டிசம்பரில் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் கறுப்பினக் கலைஞர்களின் இசை நிகழ்ச்சியொன்றைக் கேட்டார். இரு வாரங்கள் கழித்து, 1939 ஜனவரி 6ஆம் திகதி, அங்கு வாசித்த இரு பியானோக் கலைஞர்களை அழைத்துத் தனது முதல் ஒலிப்பதிவைச் செய்தார். அவரது இளமைக்கால நண்பரும் புகைப்படக் கலைஞருமான பிரான்சிஸ் வுல்ஃப், நாஜிகளின் ஜேர்மனியிலிருந்து தப்பி அதே ஆண்டில் அவருடன் இணைந்தார். 1950களில் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் நியூ ஜேர்சியில் தமது பெற்றோரின் வீட்டு வரவேற்பறையிலேயே இவர்களுக்காக ஒலிப்பதிவு செய்தார். இன்று பெருவிலை போகும் தட்டுகள் பல அந்த அறையில் பிறந்தவையே.

கொம்பனி இடம் மாறியபோதெல்லாம் லேபிளும் மாறியது. முதலில் லெக்சிங்டன் அவெனியூ, 1957 முதல் மேற்கு 63ஆம் வீதி, 1960களின் தொடக்கத்தில் வீதியின் பெயர் நீங்கி வெறுமனே நியூயோர்க், அமெரிக்கா. ஆகவே ஒரு தட்டு எந்தக் காலத்தில் அச்சானது என்பதை லேபிளை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். இணைய ஏலத்தில் விற்பவர்கள் லேபிளின் படத்தைப் பெரிதாகப் போடுவதன் காரணமும் இதுதான்.

பொறியும் இங்கேதான் இருக்கிறது. 1966இல் புளூ நோட், லிபேர்ட்டி என்ற பெரிய கொம்பனிக்குக் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் களஞ்சியத்தில் மிஞ்சியிருந்த பழைய லேபிள்களையும் உறைகளையும் வீசிவிடவில்லை. தாம் புதிதாக அச்சிட்ட தட்டுகளில் அவற்றையே ஒட்டி விற்றனர். அதில் மோசடி எதுவுமில்லை, சிக்கனம்தான். ஆனால் அதன் விளைவாக, பழைய லேபிள் தாங்கிய பிற்காலத் தட்டுகள் உலகெங்கும் பரவிக் கிடக்கின்றன.

உண்மையைச் சொல்வது லேபிள் அல்ல. இசைப் பள்ளங்கள் முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் இடையில் ஒரு வெற்று வளையம் உண்டு. 1966 வரை புளூ நோட் தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்ரிலைட் என்ற ஆலையின் அடையாளம் அந்த வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கில 'பி' எழுத்தைக் கூட்டெழுத்தில் எழுதியதுபோன்ற அந்தக் குறி, பார்வைக்கு மனிதக் காதைப் போல் இருப்பதால் சேகரிப்போர் அதனைக் 'காது' என்றே அழைக்கின்றனர். வான் கெல்டரின் பெயரோ முதலெழுத்துகளோ அங்கே காணப்படுவது மட்டும் போதாது. அவர் வெட்டிய மூலத்திலிருந்து கிடைத்த உலோக அச்சுகளை லிபேர்ட்டியும் பயன்படுத்தியதால், பின்னைய தட்டுகளிலும் அது இருக்கும்.

ரொறன்ரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர், இரு மாத வாடகைக்குச் சமமான தொகைக்கு இத்தகைய தட்டொன்றை ஏலத்தில் எடுத்தார். லேபிள் சரி, உறை சரி, காது இல்லை. விற்றவரிடம் முறையிட்டபோது, தாம் எங்கும் முதல் அச்சு என்று எழுதவில்லை, அசல் லேபிள் என்றுதான் எழுதினேன் என்று பதில் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை அது உண்மை. பத்திரிகைத்துறையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில், பொய் சொல்லாமலே ஏமாற்றும் வாக்கியங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் இதுவும் ஒன்று.

அடுத்தது தட்டின் நிலை பற்றிய சொற்கள். அமெரிக்காவின் கோல்ட்மைன் சஞ்சிகை வகுத்த தர வரிசையே பரவலாக வழக்கில் உள்ளது. அதில் 'நன்று' என்றால் உண்மையில் மோசம் என்று பொருள். ஊசி வைத்தால் இரைச்சல் இசையை மூடும். 'மிக நன்று' என்பதுகூடக் கீறல்களை ஒப்புக்கொள்ளும் சொல்லே. அச்சஞ்சிகையின் கணக்குப்படி, புதியதற்கு அண்மித்த தட்டின் விலையில் கால்வாசிதான் அதன் பெறுமதி. கண்ணால் பார்த்துத் தரமிட்டாரா, போட்டுக் கேட்டுத் தரமிட்டாரா என்று விற்பவரிடம் கேளாமல் பணம் கட்டக்கூடாது.

மூன்றாவது, ஏலத்தின் பொறிமுறை. 1995இல் ஆரம்பமான ஈபே தளத்தில் நாம் கொடுக்கத் தயாரான உச்சத் தொகையை முன்கூட்டியே பதிந்துவிடலாம். எதிராளி கேட்கக் கேட்க, அந்த எல்லை வரை நமது கேள்வி தானாக உயரும். நேர்மையான போட்டியில் இது வசதியான ஏற்பாடு. விற்பவரே வேறு பெயரில் எதிராளியாக வந்தால் நமது உச்சத்தொகை வரை நம்மை இழுத்துச் சென்றுவிடுவார். இது விதிகளுக்கு முரணானது என்றாலும் நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில், அமெரிக்க ஓவியர் டீபென்கோர்னின் முதலெழுத்துகள் தெரியும்படி படம் போட்டு, அவர் பெயரைச் சொல்லாமலே விற்பனைக்கு விடப்பட்ட ஓவியம் 135,805 டொலர் வரை ஏறியது. விற்றவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் ஏலம் கேட்டமை பின்னர் அம்பலமாகி, விற்பனை இரத்தாகி, வழக்கும் தொடரப்பட்டது. ஓவியத்துக்கு நேர்ந்தது இசைத்தட்டுக்கு நேராது என்பதற்கு உத்தரவாதமில்லை.

எனவே, வெற்று வளையத்தின் தெளிவான படம் தராதவரிடம் வாங்காதீர்கள். உச்சத் தொகையை அமைதியான வேளையில் தீர்மானித்து, ஏலத்தின் கடைசி நிமிடத்தில் மட்டும் பதியுங்கள். தபால் செலவையும் சுங்க வரியையும் அத்தொகைக்குள்ளேயே அடக்குங்கள்.

இந்தத் தட்டுகளுள் சேகரிப்போர் மிகவும் தேடுவது 1568 என்ற இலக்கமுடைய ஹாங்க் மொப்லியின் தட்டு. 1957 ஜூன் 23ஆம் திகதி அந்த வரவேற்பறையில் பதிவானது. ஒரு பக்க லேபிளில் நியூயோர்க்குடன் 23 என்ற தபால் வலய இலக்கமும், மறுபக்கத்தில் அது இல்லாமலும் இருப்பதே அதன் முதல் அச்சு என்கின்றனர். இரண்டு இலக்கங்களுக்காக ஆயிரக்கணக்கான டொலர் கைமாறுகிறது. ஆனால் பழைய தட்டு மறுவிற்பனையாகும்போது வாசித்தவருக்கு ஒரு சதமேனும் சேர்வதில்லை. நுரையீரல் நோயால் 1970களின் நடுப்பகுதியில் சாக்சபோனைக் கீழே வைத்த மொப்லி, சில காலம் தங்க வீடின்றியும் அலைந்து, 1986இல் தமது 55ஆவது வயதில் காலமானார். ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும்போது, பொத்தானை அழுத்துவதற்கு முன், இதனையும் ஒருதரம் நினைத்துப் பார்ப்பது நல்லது. அவரது இசை மட்டுமே வேண்டுமெனில், முறையான மறுபதிப்பொன்றைச் சிறு தொகைக்கு வாங்கலாம்.